சைக்கிள் கியரும் மலையேற்றமும்: சென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் சைக்கிள் ஓட்டுகிறவருக்குக் கியர் பெரும்பாலும் அலங்காரம்தான். திருவான்மியூரிலிருந்து ஈசிஆர் வழியாக மகாபலிபுரம் போய்த் திரும்பினாலும் ஒரே கியரில் சமாளித்துவிடலாம். ஏலகிரிக்கோ ஏற்காட்டுக்கோ கிளம்பலாம் என்று நண்பர்கள் முடிவு செய்த பிறகுதான் கேள்விகள் வர ஆரம்பிக்கின்றன. அந்தக் கேள்விகளும் பதில்களும் கீழே. கணக்கு கொஞ்சம் உண்டு, பெருக்கல் வகுத்தலைத் தாண்டாது.

சின்னக் கியரில் போனால் மலை ஏறும் வேலை குறையுமா?

குறையாது. ஆள் 70 கிலோ, சைக்கிளும் தண்ணீரும் 15 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 85 கிலோ. இதை 600 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோக ஏறத்தாழ 500 கிலோஜூல் வேலை செய்தாக வேண்டும். எந்தக் கியரில் போனாலும் இது மாறாது.

அந்த வேலையை எத்தனை மிதியாகப் பிரித்துச் செய்கிறீர்கள் என்பதைத்தான் கியர் மாற்றுகிறது. 25 கிலோ அரிசி மூட்டையை மாடிக்கு ஒரே தடவையில் தூக்குவதற்கும், ஐந்து ஐந்து கிலோவாகப் பிரித்து எடுத்துப் போவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. அரிசி அதே அரிசி, முதுகு படும் பாடு வேறு. அதிக அழுத்தம் கொடுத்து மிதிக்கும்போது, சீக்கிரம் களைத்துப்போகும் வகைத் தசைநார்கள் வேலைக்கு இழுக்கப்படுகின்றன. அவை ஒருமுறை ஓய்ந்துவிட்டால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு ஏறினாலும் பழையபடி வருவதில்லை. லேசாக, வேகமாக மிதித்தால் பாரம் காலிலிருந்து மூச்சுக்கு மாறுகிறது. மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைத்து ஆற்றிக்கொள்ளலாம்.

எது சின்னக் கியர்? முன்னால் பெரிய பல்சக்கரமா, பின்னால் பெரிய பல்சக்கரமா?

குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கும். பெடலோடு சேர்ந்து சுற்றும் முன்பக்கப் பல்சக்கரத்தைச் செயின் வீல் என்பார்கள். அது சின்னதாக ஆக மிதி லேசாகும். பின்பக்கம் நேர்மாறு: பல்சக்கரம் பெரிதாக ஆக மிதி லேசாகும். ஆக, முன்னால் ஆகச் சின்னது, பின்னால் ஆகப் பெரியது. மலைக்கு உங்கள் கையில் இருக்கும் கடைசி ஆயுதம் இந்தச் சேர்க்கைதான்.

முன்னால் மூன்று பல்சக்கரம் உள்ள சைக்கிளில், கைப்பிடியில் இடது பக்கம் 1, வலது பக்கமும் 1 என்று வைத்தால் அது கிடைக்கும்.

ஒரு கியர் எவ்வளவு சின்னது என்று அளக்கச் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. முன் பற்களைப் பின் பற்களால் வகுத்து, சக்கரத்தின் சுற்றளவால் பெருக்குங்கள். பெடல் ஒரு முழுச் சுற்று சுற்றினால் சைக்கிள் எவ்வளவு தூரம் நகரும் என்று தெரிந்துவிடும். சுற்றளவு தெரியாவிட்டால், டியூப் வால்வு தரையைப் பார்த்து இருக்கும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, சக்கரம் ஒரு சுற்று சுற்றும்வரை தள்ளிக்கொண்டு போய் அளந்துவிடுங்கள். ரோடு பைக்குக்கு (மெல்லிய டயர் உள்ள வேகச் சைக்கிள்) சுமார் 2.1 மீட்டர், 26 அங்குல எம்டிபிக்கு (தடித்த டயர் உள்ள மவுண்டன் பைக்) சுமார் 2.05, பழைய 28 அங்குலச் சைக்கிளுக்கு 2.2 வரும்.

சரி, அந்த மீட்டர் கணக்கு ஏற்றத்தில் என்ன சொல்கிறது?

முதலில் உடம்பின் கணக்கு. பந்தயப் பயிற்சி எதுவும் இல்லாத, ஆனால் ஆரோக்கியமான ஒருவர் ஒரு மணி நேரம் தொடர்ந்து தரக்கூடிய சக்தி தோராயமாக 100 முதல் 150 வாட். மேலே சொன்ன 85 கிலோவை 6 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் கொண்டுபோக, டயர் உராய்வு, காற்று எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 125 வாட் வேண்டும். அதாவது நம்மில் பலர் இந்த ஏற்றத்தில் நாள் முழுக்க முயன்றாலும் மணிக்கு 8 அல்லது 9 கிலோமீட்டரைத் தாண்ட முடியாது. வேகத்தைக் கால் முடிவு செய்துவிட்டது. அந்த வேகத்துக்குப் பொருத்தமாகப் பெடல் சுற்றுகிறதா என்பது ஒன்றுதான் கியர் கையில் இருக்கிறது.

மணிக்கு 8 கிலோமீட்டர் என்றால் நிமிடத்துக்கு 133 மீட்டர். இப்போது நான்கு சைக்கிள்களை அதே ஏற்றத்தில் நிறுத்திப் பார்க்கலாம்.

முன்னால் 44 பல், பின்னால் 18 பல் உள்ள சாதா சைக்கிள் ஒரு மிதிச் சுற்றுக்கு 5.4 மீட்டர் போகும். ஆகவே நிமிடத்துக்கு 25 சுற்றுதான் வரும். ஒவ்வொரு சுற்றிலும் பெடல் மீது சராசரியாக 29 கிலோ அழுத்தம் வேண்டும். இது சராசரி. பெடல் மேலேயும் கீழேயும் இருக்கும் தருணங்களில் அழுத்தம் கிட்டத்தட்ட ஒன்றுமில்லாமல் போவதால், நடுவில் இதைப்போல் ஒன்றரை மடங்குக்கும் மேல் அழுத்தியாக வேண்டும். ஐம்பது கிலோ பக்கம் வந்துவிட்டது. சீட்டிலிருந்து எழுந்து நின்று, உடம்பு எடையையே பெடல் மீது போட்டால்தான் நகரும்.

முன்னால் 34, பின்னால் 28 உள்ள ரோடு பைக்: 2.55 மீட்டர், நிமிடத்துக்கு 52 சுற்று, சராசரி அழுத்தம் சுமார் 14 கிலோ. ஏறலாம், ஆனால் கால் முனகும்.

அதே ரோடு பைக்கில் பின்னால் 34 பல் போட்டால் 2.1 மீட்டர், 63 சுற்று, 11 கிலோ.

முன்னால் 24, பின்னால் 28 உள்ள 21 கியர் எம்டிபி: 1.76 மீட்டர், 76 சுற்று, 9 கிலோ சொச்சம்.

கடைசி வரியை இன்னொருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். குழுவில் எல்லோரும் ஏளனமாகப் பார்க்கும் கனமான எம்டிபியில்தான் கால் ஆக லேசாகச் சுற்றுகிறது. எடை கூட என்பதால் நான்கைந்து நிமிடம் பின்தங்கும், அவ்வளவுதான்.

கடையில் 21 கியர், 24 கியர் என்கிறார்கள். எண்ணிக்கை கூடினால் மலைக்கு நல்லதா?

மலைக்கு எண்ணிக்கையால் ஒரு லாபமும் இல்லை. ஆகச் சின்னக் கியர் எவ்வளவு சின்னது என்பது மட்டும்தான் கேள்வி. கடைக்காரரிடம் "எத்தனை கியர்?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "முன்னால் சின்னச் சக்கரம் எத்தனை பல், பின்னால் பெரிய சக்கரம் எத்தனை பல்?" என்று கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் சக்கரத்திலேயே எண் பொறித்திருக்கும். இல்லையென்றால் எண்ணிவிடலாம், ஒரு நிமிட வேலை.

அந்த 21-க்குள் இரட்டிப்பும் நிறைய. பரவலாக விற்கும் அமைப்பு ஒன்றில் முன்னால் 42, 34, 24. பின்னால் 14, 16, 18, 20, 22, 24, 28. இதில் 42-ஐ 28-ஆல் வகுத்தால் 1.5. 24-ஐ 16-ஆல் வகுத்தாலும் அதே 1.5. 34/28, 24/20 இரண்டும் ஏறக்குறைய 1.2. இப்படிக் கழித்துக்கொண்டே வந்தால், காலுக்கு வித்தியாசமாகத் தெரிகிற கியர்கள் பத்துப் பன்னிரண்டுதான் மிஞ்சும். முன்னால் ஒரே 32 பல், பின்னால் 11 முதல் 51 வரை பன்னிரண்டு சக்கரம் உள்ள புது எம்டிபி, விளம்பரத்தில் வெறும் 12 கியர்தான். மலையில் அது அந்த 21-ஐ அனாயாசமாகத் தோற்கடிக்கும்.

என்னிடம் கியரே இல்லாத சாதா சைக்கிள்தான் இருக்கிறது. மலைப்பக்கமே போகக் கூடாதா?

போகலாம். தள்ளிக்கொண்டு ஏறுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. மலைக்கிராமங்களில் காலங்காலமாக அப்படித்தான் சைக்கிள் மேலே போகிறது.

மிதித்துத்தான் ஏற வேண்டுமென்றால், பின்னால் இருக்கும் 18 பல் ஃப்ரீவீலைக் கழற்றி 22 பல் போடச் சொல்லுங்கள். தெருமுனைச் சைக்கிள் கடையிலேயே செய்துவிடுவார்கள். செயினில் ஒரு கண்ணி கூட்ட வேண்டியிருக்கலாம். 5.4 மீட்டர் 4.4 ஆகும், மிதியின் பாரம் சுமார் 18 சதவீதம் குறையும். இதனால் சமதளத்தில் வேகம் போய்விடும் என்று பயப்பட வேண்டாம். மணிக்கு 18 கிலோமீட்டரில் போகும்போது நிமிடத்துக்கு 56 சுற்று மிதித்த நீங்கள் 68 சுற்று மிதிப்பீர்கள். அது காலுக்கு நல்லதுதான்.

இந்தச் சைக்கிள்களின் கியரைக் குறை சொல்லியும் பயனில்லை. 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் செய்து அனுப்பிய ஹெர்குலிஸ் ஆகட்டும், பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு தரும் சைக்கிள் ஆகட்டும், சமதளத்தில் நிதானமாக, பின்னால் சுமையோடு போகச் செய்யப்பட்டவை. அந்த வேலையை அவை நன்றாகவே செய்கின்றன.

ரோடு பைக் வைத்திருக்கிறேன். பின்னால் பெரிய கேசட் (பின்பக்கப் பல்சக்கர அடுக்கு) போட்டால் போதுமா?

பெரும்பாலும் போதும், ஆனால் கடைக்குப் போகுமுன் மூன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, பின்பக்க டிரெய்லர். செயினை ஒரு சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் அந்தக் கருவிக்கு, இத்தனை பல் வரைதான் தாங்கும் என்று ஒரு எல்லை உண்டு. கீழே தொங்கும் கூண்டு குட்டையாக இருந்தால் பெரும்பாலும் 28 அல்லது 30 பல்லோடு நின்றுவிடும். நீளமாக இருந்தால் 34 வரை ஏற்கும். மாடல் எண்ணைப் பார்த்து, நிறுவனம் சொல்லும் எல்லையைச் சரிபாருங்கள்.

இரண்டு, செயின் நீளம். பெரிய சக்கரத்துக்குப் பழைய செயின் எட்டாமல் போகலாம். எட்டாத செயினோடு முன்னால் பெரியது, பின்னால் பெரியது என்று தவறி மாற்றிவிட்டால் டிரெய்லர் பிய்ந்துவிடும்.

மூன்று, முன்னால் இருப்பது என்ன என்பது. 50/34 என்றால், அதாவது முன்னால் 50 பல்லில் ஒன்று, 34 பல்லில் ஒன்று என்றால் கவலையில்லை. பழைய பந்தய சைக்கிள்களில் 53/39 இருக்கும். அதில் பின்னால் 28 போட்டாலும் 39/28, அதாவது 2.9 மீட்டர். 6 சதவீதத்தில் நிமிடத்துக்கு 46 சுற்று. பந்தயக்காரர்கள் அதே மலையில் இரண்டு மடங்கு சக்தியில் இரண்டு மடங்கு வேகத்தில் போவதால் அவர்களுக்குச் சரி. நாம் அவர்களுடைய சைக்கிளை வாங்கிவிடலாம், காலை வாங்க முடியாது.

28 பல்லிலிருந்து 34-க்குப் போனால் மிதியின் பாரம் சுமார் 18 சதவீதம் குறைகிறது. ஆகிற செலவுக்கு இதைவிடப் பெரிய பலன் தருகிற வேறு மாற்றம் ரோடு பைக்கில் எனக்குத் தெரிந்து இல்லை.

எடை குறைந்த சைக்கிள் வாங்கினால் இதெல்லாம் வேண்டாமே?

மொத்தம் 85 கிலோவில் 3 கிலோ குறைத்தால் மூன்றரை சதவீதம். 75 நிமிட ஏற்றத்தில் இரண்டரை நிமிடம் மிச்சம். அதற்கு எத்தனை ஆயிரம் கொடுக்கத் தயார் என்பது உங்கள் விருப்பம்.

சதவீதம் என்கிறீர்களே, மலைச்சாலை உண்மையில் எவ்வளவு சரிவு?

சாலையில் 100 மீட்டர் முன்னேறும்போது 6 மீட்டர் உயர்ந்தால் 6 சதவீதம். செங்குத்தான மலைப்பகுதிச் சாலைகளுக்கு இந்தியச் சாலைகள் காங்கிரஸ் வகுத்த அளவு: வழக்கமாக 6 சதவீதம், எல்லை 7, வேறு வழியில்லாத இடத்தில் 8. லாரியும் பேருந்தும் ஏற வேண்டும் என்பதற்காகப் போட்ட கணக்கு இது. நமக்கும் சாதகம்தான். இந்த விதிகளுக்கு முன்பே போட்ட பழைய பாதைகளில் இதைவிடச் செங்குத்தான துண்டுகள் வரும்.

சென்னைக்காரர்கள் முதல் மலையாகத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் ஏலகிரி. 14 கொண்டை ஊசி வளைவுகள். சீரான ஏற்றம், அடிவாரத்திலிருந்து மேலே ஏறத்தாழ 600 மீட்டர். மேலே கணக்குக்கு எடுத்துக்கொண்ட உயரம் இதுதான். ஜோலார்பேட்டை வரை ரயிலில் போய் அங்கிருந்து மிதிக்கலாம். ஏற்காடு அடுத்த படி: 20 வளைவுகள், ஏறும் உயரமும் ஏலகிரியைவிடக் கணிசமாகக் கூட. கொல்லிமலையின் 70 வளைவுகளை முதல் மலையாக யாரும் வைத்துக்கொள்ள வேண்டாம். மசினகுடியிலிருந்து உதகைக்கு ஏறும் கல்லட்டிப் பாதை 36 வளைவுகளோடு வேறொரு ரகம். அங்கே முன்னால் 34, பின்னால் 34 உள்ளவர்களும் இறங்கித் தள்ளுவதைப் பார்க்கலாம்.

சென்னையில் மலையே இல்லையே, எங்கே பழகுவது?

பரங்கிமலை இருக்கிறது. சுமார் 300 அடிதான், ஆனால் உச்சிவரை போகும் சாலை குட்டையாகவும் செங்குத்தாகவும் இருப்பதால் உங்கள் ஆகச் சின்னக் கியர் எப்படி நடந்துகொள்கிறது என்று சோதிக்கச் சரியான இடம். மேலே தேவாலயம் இருப்பதால் கூட்டமாகப் போய்ச் சத்தம் போடாமல், வழிபாட்டு நேரம் பார்த்துப் போங்கள்.

மேம்பாலங்கள் நல்லவைதான், ஆனால் ஏற்றம் காலுக்குப் பழகுமுன் பாலம் முடிந்துவிடும். முன்னால் வந்த வேகத்திலேயே பாதி ஏறிவிடுவோம். உண்மையான மலையில் அந்தக் கடன் வேகம் முதல் நூறு மீட்டரிலேயே தீர்ந்துவிடுகிறது.

நீண்ட நேரப் பயிற்சிக்குச் சென்னை தருவது காற்று. கோடையில் ஈசிஆரில் தெற்கு நோக்கிப் போகும்போது, முட்டுக்காடு பாலத்துப் பக்கம் முகத்தில் அடிக்கும் அந்தக் காற்று சும்மா இல்லை. மணிக்கு 20 கிலோமீட்டர் எதிர்காற்றில் நீங்கள் 15 கிலோமீட்டரில் போனால், அது உங்களை இழுக்கும் இழுப்பு ஏறக்குறைய 2.5 சதவீத ஏற்றத்துக்குச் சமம். காற்றோடு மல்லுக்கட்டாமல், இரண்டு கியர் இறக்கி, நிமிடத்துக்கு 70 சுற்றில் ஒரு மணி நேரம் நிலையாக மிதித்துப் பழகுங்கள். மலையில் தேவைப்படுவது அந்த நிதானம்தான்.

ஒரு வித்தியாசம் மட்டும் இருக்கும். சமதளத்தில் மிதிப்பதை ஒரு நொடி விட்டாலும் சைக்கிள் ஓடிக்கொண்டிருக்கும். ஏற்றத்தில் விட்ட நொடியே வேகம் இறங்கும். அதனால் மலையில் பெடலை அடித்து அடித்து மிதிக்காமல், சுற்று முழுக்கக் கால் கூடவே வருகிற மாதிரி மிதிக்க வேண்டியிருக்கும். இதைப் பரங்கிமலைதான் கற்றுத்தரும், ஈசிஆர் கற்றுத்தராது.

ஏற்றத்தில் எப்போது கியர் மாற்ற வேண்டும்?

கால் கனக்கும் முன். டிரெய்லர் செயினை நகர்த்த வேண்டுமென்றால் பெடல் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும், ஆனால் அழுத்தம் அதிகம் இருக்கக் கூடாது. ஏற்றத்தின் நடுவில் மூச்சு முட்டும்போது மாற்றினால் இரண்டாவதைத் தர முடியாது. கரகரவென்று சத்தம் வரும், செயின் தாவும், சில சமயம் அறுந்தே போகும்.

முன்பக்கச் சக்கரத்தை வளைவு கண்ணில் படும்போதே சின்னதுக்கு இறக்கிவிடுங்கள். அங்கேதான் தாவல் பெரிது. பின்பக்கத்தை ஒவ்வொன்றாக, தேவைப்படும்போது. மாட்டிக்கொண்டால் ஒரு வழி இருக்கிறது: இரண்டு மிதி பலமாக மிதித்துக் கொஞ்சம் வேகம் எடுத்து, அடுத்த அரைச் சுற்றில் காலைத் தளர்த்தி, அந்த இடைவெளியில் மாற்றுங்கள்.

கடைசிக் கியரை முதல் வளைவிலேயே போட்டுவிட வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள், பின்னால் தேவைப்படுமாம். கியர் சேமித்து வைக்கும் பண்டம் இல்லை. தேவைப்படுகிறது என்றால் போடுங்கள்.

உட்கார்ந்து ஏறுவதா, நின்று ஏறுவதா?

உட்கார்ந்து. நின்றால் அதே வேகத்துக்கு இதயம் கொஞ்சம் அதிகம் துடிக்கும். முதுகும் தொடையும் பிடித்துக்கொள்ளும்போது இருபது முப்பது மிதி நின்று மிதித்துவிட்டு உட்காரலாம். நிற்கும் முன் ஒரு கியர் கூட்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கால் வெறுமையாக இறங்கி சைக்கிள் பின்னுக்கு இழுப்பதுபோல் இருக்கும்.

எனக்கு 52 வயது. ஏறி வந்த மறுநாள் முட்டி வலிக்கிறது. கியர்தான் காரணமா?

இருக்கலாம். மேலே பார்த்த கணக்கை வைத்தே யோசியுங்கள்: பெடலில் 29 கிலோவும் 9 கிலோவும் ஒரே முட்டி வழியாகத்தான் போகின்றன. நிமிடத்துக்கு 50 சுற்றுக்குக் கீழே நீண்ட நேரம் மிதித்திருந்தால் முதலில் கியரைச் சின்னதாக்குங்கள். அடுத்து சீட் உயரம். சீட் தாழ்வாக இருந்தால் முட்டி அதிகம் மடங்கி, அதன் முன்பக்கத்தில் பாரம் ஏறும். பெடல் ஆகக் கீழே இருக்கும்போது குதிகாலைப் பெடல் மீது வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தால் மிதிக்கும்போது தேவையான லேசான மடிப்பு தானாக வந்துவிடும். நம்மூரில் சீட்டை இறக்கி வைத்து, தரையில் இரண்டு காலும் முழுசாக ஊன்றும்படி ஓட்டும் பழக்கம் அதிகம். சிக்னலுக்கு அது வசதி, மலைக்கு இல்லை.

இவ்வளவும் செய்தும் வலி தங்கினாலோ, வீக்கம் இருந்தாலோ மருத்துவரைப் பாருங்கள்.

சின்னக் கியர் போட்டு ஏறுவது ஒருவகை ஏமாற்று இல்லையா?

இந்தக் கேள்விக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. 1903-இல் தொடங்கிய டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் கியர் மாற்றும் டிரெய்லரை 1937 வரை அனுமதிக்கவில்லை. பந்தயத்தைத் தொடங்கிய ஆன்ரி தெக்ராஞ்சுக்கு, கியர் வயதானவர்களுக்கானது என்ற எண்ணம். அதுவரை ஆல்ப்ஸிலும் பிரனீஸிலும் ஏறிய வீரர்கள் பின்சக்கரத்தின் இரு பக்கமும் வெவ்வேறு பல்சக்கரம் வைத்திருந்தார்கள். மலை அடிவாரத்தில் இறங்கி, சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டிக்கொண்டு ஏறினார்கள். அதாவது சின்னக் கியர் வேண்டும் என்பது அப்போதே எல்லோருக்கும் தெரியும், சுலபமாக மாற்றுவதுதான் தடைசெய்யப்பட்டிருந்தது. இதே நாட்டில் செந்தெத்தியேன் நகரத்துப் பால் தெ விவி பல வருடங்களாகப் பல கியர் சைக்கிளுக்காக வாதாடிக்கொண்டிருந்தார், தானே மலைகளில் ஓட்டியும் காட்டினார். இன்று தொழில்முறை வீரர்களே செங்குத்தான நாட்களில் பின்னால் 34 போடுகிறார்கள். ஏமாற்று என்று யாராவது சொன்னால் புன்னகைத்துவிட்டு இடது 1, வலது 1 போட்டுக்கொள்ளுங்கள்.

மின்சாரச் சைக்கிளில் கியர் தேவையா?

மோட்டார் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பெடல் அருகே இருந்தால் மோட்டாரின் சக்தியும் செயின் வழியாகப் போகும், ஆகவே நீங்கள் மாற்றும் கியர் அதற்கும் உதவும். சக்கரத்துக்குள் இருந்தால் உதவாது. நீண்ட ஏற்றத்தில் மெதுவாகப் போகும்போது அது சூடாகும். அந்த வகையில் உங்கள் கால் செய்யும் வேலைக்குச் சின்னக் கியர் அவசியம்.

கொண்டை ஊசி வளைவில் எந்தப் பக்கம் ஏறுவது?

வளைவின் உள்விளிம்பு செங்குத்து, வெளிவிளிம்பு சாய்வு குறைவு. நாம் இடப்பக்கம் போவதால், இடது பக்கம் திரும்பும் வளைவில் உள்விளிம்பில் மாட்டிக்கொள்வோம். அதற்கு முன்பே ஒரு கியர் இறக்கிவிடுங்கள். சாய்வு குறைந்த பக்கத்தைத் தேடிச் சாலையின் நடுவுக்குப் போக வேண்டாம், மேலிருந்து திரும்பும் பேருந்துக்கு மொத்த வளைவும் தேவைப்படும். ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்று விதி உண்டு. சைக்கிளுக்கு அதை எதிர்பார்த்து நிற்காதீர்கள்.

கிளம்பும் முன் எதைச் சோதிக்க வேண்டும்?

ஆகச் சின்னக் கியரை. சென்னையில் அதை யாரும் போடுவதே இல்லை என்பதால், அது சரியாக வேலை செய்கிறதா என்று மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாது. இதற்கிடையில் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் யாரோ மோதி, சைக்கிள் வலப்பக்கம் சாய்ந்து விழுந்திருக்கும். டிரெய்லர் தொங்கும் ஹேங்கர் உள்பக்கம் லேசாக வளைந்திருக்கும். நடுக் கியர்களில் ஒன்றும் தெரியாது. ஏலகிரியின் மூன்றாவது வளைவில் முதல்முறையாகக் கடைசிச் சக்கரத்துக்கு மாற்றும்போது டிரெய்லர் ஸ்போக்கில் சிக்கும். அதோடு பயணம் முடிந்தது. டிரெய்லர், ஹேங்கர், ஸ்போக் மூன்றும் ஒரே நொடியில் போகும்.

பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து, கையால் பெடலைச் சுற்றி, பின்னால் ஆகப் பெரிய சக்கரத்துக்குச் செயினை ஏற்றுங்கள். இன்னும் உள்ளே போகப் பார்க்கிறதா? டிரெய்லரில் எல்லையைக் கட்டும் இரண்டு திருகுகளில் 'எல்' என்று குறித்திருப்பதைக் கொஞ்சம் முறுக்க வேண்டும். பின்னால் நின்று பார்த்தால் டிரெய்லரின் கூண்டு பல்சக்கரத்துக்கு நேர்க்கோட்டில் தொங்க வேண்டும். சாய்ந்திருந்தால் ஹேங்கரை நிமிர்த்த மெக்கானிக்கிடம் கொடுங்கள், திருகால் சரியாகாது. கடற்கரைப் பக்கம் வீடு என்றால் செயினையும் பாருங்கள். உப்புக் காற்றும் மணலும் சேர்ந்து சீக்கிரம் தேய்த்துவிடும். தேய்ந்த செயின் சமதளத்தில் சத்தமில்லாமல் ஓடும், ஏற்றத்தில் அழுத்தும்போது பல்லிலிருந்து வழுக்கும்.

ஏறும் வழியில் செயின் கழன்று உள்பக்கம் விழுந்துவிட்டால்?

முன்னால் சின்னச் சக்கரத்துக்கு அவசரமாக இறக்கும்போதுதான் இது நடக்கும். சாலையை விட்டு ஓரமாக இறங்குங்கள். டிரெய்லரின் கூண்டை முன்பக்கமாகத் தள்ளினால் செயின் தளரும். தளர்ந்த செயினைச் சின்னச் சக்கரத்தின் அடிப்பக்கப் பற்களில் மாட்டி, பெடலைப் பின்னோக்கி அரைச் சுற்று சுற்றுங்கள், ஏறிக்கொள்ளும். கை துடைக்கப் பழைய துணி ஒன்று சீட் பையில் இருக்கட்டும். மறுபடி ஏறும்போது நேர் மேட்டில் மிதித்துக் கிளம்ப வராவிட்டால், வண்டி வராத நேரம் பார்த்துச் சாலைக்குக் குறுக்காகக் கிளம்பி, இரண்டு மிதி விழுந்ததும் நேராகத் திருப்பிக்கொள்ளுங்கள்.